இரவல் கடல்

காவிரிக் கரையில் வாழ்பவர்களுக்குத் தீர்த்தம் எது என்று தேட வேண்டிய தேவை எழுவதில்லை. தெருமுனையில் ஆறு, கோயில் வாசலில் குளம், சற்றே நடந்தால் வாய்க்கால், சிறிது தொலைவில் கடல் என்று நீரெல்லாம் நமக்குப் புண்ணிய நீராகவே வாய்த்திருக்கிறது. பிள்ளைகளின் இல்லத்தில் சில திங்கள் தங்கிவர அயல்நாடு செல்லும் பெற்றோர்க்குத்தான் அந்தக் கேள்வி முதன்முதலாக எதிர்ப்படுகிறது. 'இந்த மண்ணில் நமக்குத் தீர்த்தம் எது?'

டென்மார்க் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான ஆர்ஹஸில் என் மகன் பணியாற்றுகிறான். ஜட்லாந்துத் தீபகற்பத்தின் கீழைக் கரையில், கடலை நோக்கி அமைந்த துறைமுக நகரம் அது. அவன் அழைப்பின்பேரில் சென்ற கோடையில் நானும் என் துணைவியும் அங்குச் சென்றிருந்தோம். நாட்கள் இனிதாகக் கழிந்தன. ஆடி அமாவாசை நெருங்க நெருங்க என் மனத்தில் மட்டும் ஒரு கலக்கம். தந்தையார் மறைந்த ஆண்டு முதல் அந்நாளில் பூம்புகார் சென்று, காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் நீராடித் தர்ப்பணம் செய்வது என் வழக்கம். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறையும் தவறியதில்லை.

ஊரிலுள்ள எங்கள் வாத்தியாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அருகில் ஆறு இருந்தால் அதன் பெயரைச் சொல்லிச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். எள்ளும் தண்ணீரும் இருக்கிறது அல்லவா? மனம் அங்கே இருந்தால் பித்ருக்களும் அங்கே இருப்பார்கள்" என்றார். மகன் உடனே சொன்னான்: "அப்பா, ஆறு கடலில் சேரும் இடமே இங்கே இருக்கிறது."

அவன் சொன்ன இடம் நகரின் மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மோஸ்கோர் கடற்கரை. அக்கம்பக்கத்தார் குழந்தைகளோடு வந்து நீராடிச் செல்லும் அமைதியான கரை அது. பெரும் விடுதிகளோ இரைச்சலோ இல்லை. காடு கடல் வரைக்கும் இறங்கி வருகிறது. சாம்பல் நிற அடிமரம் கொண்ட நெடிய மரங்களினூடே கீபர் என்னும் சிற்றாறு வளைந்து வளைந்து ஓடிவந்து, ஓசையின்றிக் கடலில் கலக்கிறது. காவிரியோடு ஒப்பிட்டால் அது ஒரு வாய்க்கால்தான். ஆயினும் ஆறு ஆறுதான், சங்கமம் சங்கமம்தான்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக இடத்தைப் பார்த்துவரச் சென்றோம். கரைக்கு மேலே, காட்டின் விளிம்பில் மோஸ்கோர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2014இல் திறக்கப்பட்ட அதன் புதிய கட்டடத்தின் கூரை சரிவான புல்வெளியாக அமைந்திருப்பதால், மக்கள் அதன்மீது ஏறி அமர்ந்து கடலைக் காண்கிறார்கள். உள்ளே மங்கிய ஒளியில் ஒரு மனிதரின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. 1952இல் கிரௌபல்லே என்னும் சிற்றூரின் அருகே, சதுப்பு நிலத்தில் கரி வெட்டியவர்கள் கண்டெடுத்த உடல் அது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சதுப்பு நீரின் தன்மையால் தோலும் தலைமுடியும் நகங்களும்கூட அழியாமல் இருக்கின்றன. அவர் தெய்வங்களுக்குப் பலியாகத் தரப்பட்டவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. பக்கத்துக் கூடத்தில், இல்லரூப் பள்ளத்தாக்கின் ஏரியில் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னர்க் காணிக்கையாக இடப்பட்ட ஈட்டிகளும் வாள்களும் கேடயங்களும் வரிசையாக உள்ளன.

அவற்றைக் கண்டபோது உள்ளம் சிலிர்த்தது. அவர்கள் இட்ட காணிக்கை வேறு. நாம் இடும் காணிக்கை வேறு. ஆனால், கண்ணுக்குப் புலனாகாத உலகத்துக்கு எதையேனும் அனுப்ப வேண்டுமாயின் அதை நீரின் வழியே அனுப்ப வேண்டும் என்னும் எண்ணம், இந்தக் குளிர்நாட்டின் பழங்குடியினருக்கும் தோன்றியிருக்கிறது. அருங்காட்சியகத்திலிருந்து கடலுக்கு இறங்கும் காட்டுப்பாதையின் ஓரத்திலும் கற்கால மக்கள் தம் முன்னோர்க்கு எழுப்பிய கல்லறைகளைக் காணலாம். முன்னோரைக் கடந்துதான் அந்தக் கரையை அடைகிறோம்.

அமாவாசை அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருந்தோம். கோடையில் அங்குக் கதிரவன் ஐந்தரை மணியளவிலேயே எழுந்துவிடுகிறான். சோழமண்டலக் கரையைப் போலவே கடல் கிழக்கில் இருப்பது எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று. எதிரே மோல்ஸ் குன்றுகள் நீலப் புகை போலத் தெரிந்தன. அலை என்று சொல்லத்தக்க அலை இல்லை. அந்தக் கடற்பகுதியில் ஓதம் ஏறி இறங்குவதும் மிகக் குறைவு. பால்டிக் கடலில் கலக்கும் எண்ணற்ற ஆறுகளின் நன்னீர் இவ்வழியேதான் வெளியேறுகிறது. அதனால் உப்பும் நம் கடலைவிடக் குறைவு. நாவில் பட்டபோது கண்ணீரை விடச் சற்றே கரித்தது, அவ்வளவுதான். குளிர்ச்சி மட்டும் உடலைக் கவ்வியது. இறைவன் திருநாமத்தைச் சொல்லி மும்முறை மூழ்கி எழுந்தேன்.

கரையேறியபோது, சற்றுத் தள்ளி நம்மவர் இருவர் நிற்பதைக் கண்டேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், நெற்றி நிறைய நீறணிந்து, கூப்பிய கையோடு நின்றார். அவர் தம்பி முழங்கால் அளவு நீரில் நின்று நீர் வார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அம்மையாரே அருகில் வந்தார். "ஐயா இந்தியாவிலயிருந்தோ?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்கு அருகே பிறந்தவர். போர்க்காலத்தில் இந்நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்த ஈழத் தமிழர் பலருள் ஒருவர். ஜட்லாந்தில் ஹெர்னிங் நகரில் சித்திவிநாயகருக்கும், பிராண்டே என்னும் ஊரில் அபிராமி அன்னைக்கும் இம்மக்கள் கோயில் கண்டு வழிபடுகிறார்கள் என்பதை அன்பர்கள் அறிந்திருக்கக்கூடும். கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலைத் தீர்த்தம் ஆடி அமாவாசைக்குப் பெயர்பெற்றது. தந்தையை இழந்தவர்கள் அந்நாளில் விரதமிருந்து, காத்தோட்டிக்காய் சமைத்துப் படைப்பது அவர்கள் மரபு. 1990இல் போரின் காரணமாக அப்பகுதி மக்கள் ஊரைவிட்டே பெயர நேர்ந்தது.

"அப்பா மோசம் போன செய்தி எனக்கு இருபது நாளைக்குப் பிறகுதான் கிடைச்சது ஐயா. கீரிமலைக்குப் போக ஏலேல்லை. அதால, அப்பாவை இஞ்ச வரச்சொல்லிக் கூப்பிட்டனான். ஒவ்வொரு ஆடியிலும் கூப்பிடுறனான்" என்றார். குரலில் நடுக்கம் இல்லை. பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லித் தேய்ந்து மெருகேறிய சொற்கள் அவை. முப்பத்தோராண்டுப் பழக்கம் ஒருமுறை இடம் மாறுகிறதே என்று கலங்கிய எனக்கு, அதன் பிறகு கலக்கம் இருக்கவில்லை.

தென்திசை நோக்கி அமர்ந்து, கீபர் நதியின் பெயர் சொல்லிச் சங்கல்பம் செய்துகொண்டேன். தந்தைக்கும் பாட்டனார்க்கும் முப்பாட்டனார்க்கும் எள்ளும் நீரும் வார்த்தேன். அதிகாலை நீராட வந்த டேனிய முதியவர் ஒருவர், எங்களைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கித் தலை தாழ்த்திச் சென்றார்.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மையார் செய்த செயல்தான் என் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. மணலில் விழுந்திருந்த ஒவ்வொரு பூவிதழையும் குனிந்து குனிந்து எடுத்தார். தர்ப்பையின் துணுக்குகளையும் கற்பூரம் ஏற்றிய தட்டின் கரியையும் ஒரு பைக்குள் இட்டார். நான் வியப்போடு நோக்குவதைக் கண்டு புன்னகைத்தார். "இது இரவல் கடல் ஐயா. இரவல் வாங்கின சாமானை வடிவாத் திருப்பிக் குடுக்கவேணும்" என்றார். என் மகனும் எங்கள் தர்ப்பையை ஒரு தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டான்.

இந்நாட்டின் சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஏறத்தாழ 7,300 கிலோமீட்டர் நீளமுள்ள டென்மார்க்கின் கடற்கரையில், கரை தனியாருக்கு உரியதாக இருப்பினும் அங்கு நடந்து செல்லவும் நீராடவும் எவருக்கும் உரிமை உண்டு. 1937 முதற்கொண்டே கடலோரத்தில் 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்புவதற்குத் தடை விதித்தார்கள்; பின்னர் ஊர்ப்புறங்களில் அந்த எல்லையை 300 மீட்டராக விரித்தார்கள். மோஸ்கோர் கரையின் அமைதி தானாக வந்ததன்று. பலர் பல தலைமுறையாகத் தம் கையை அடக்கிக்கொண்டதால் வந்தது.

இதே டேனியர் ஒருகாலத்தில் நம் கரையையும் இரவலாகப் பெற்றவர்களே. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியை ஆண்டுத் தொகை செலுத்தும் உடன்பாட்டின்பேரில் பெற்று, அங்கே கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1845இல் அக்கரையை அவர்கள் ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றார்கள். அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அவ்வூர்க் கடலோரத்தில் நின்றது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கொடுத்தவர், பெற்றவர், விற்றவர், வாங்கியவர் எல்லாரும் போயினர். கடல் இருக்கிறது. யாருக்கு அது சொந்தம்?

நம் சாத்திரங்கள் நீத்தார்க்கு ஆற்ற வேண்டியதைப் 'பிதிர்க்கடன்' என்றே சொல்கின்றன. கடன் என்றால் திருப்பித் தர வேண்டியது. எள்ளும் நீரும் வார்ப்பதோடு அது தீர்ந்துவிடுவதாக எண்ணுகிறோம். நம் முன்னோர் எந்த நீரில் மூழ்கி அவர்தம் முன்னோரை அழைத்தார்களோ, அந்த நீரைத் தூயதாக நமக்கு விட்டுச் சென்றார்களே. அதுவும் கடன் அல்லவா? சங்கமத் துறைகளில் உடுத்த ஆடையைக் களைந்து நீரில் விட்டு வருவதும், நெகிழிப் பைகளையும் எண்ணெய்ப் பொட்டலங்களையும் படித்துறையிலேயே போட்டு வருவதும் எந்தக் கடனைத் தீர்க்கும்? அடுத்த அமாவாசைக்கு நம் பேரன் அதே துறையில் இறங்க வேண்டுமே.

ஆர்ஹஸில் பிள்ளைகள் வாழும் அன்பர்கள் வாய்ப்பிருந்தால் மோஸ்கோர் கடற்கரைக்குச் சென்று வாருங்கள். ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் ஏற்றவை. கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். முதியோர் சிறிது நேரம் மட்டும் நீராடுதல் நலம். மாற்றுடையும் கம்பளிப் போர்வையும் உடன் இருக்கட்டும். அருங்காட்சியகத்தைக் கண்டு, காட்டுப்பாதை வழியே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்து கடலை அடைவது சிறப்பு. நெருப்பையோ நிவேதனப் பொருளையோ கரையில் விட்டுவர வேண்டாம். ஒரு சிறு செம்பு, ஒரு பிடி எள், திரும்ப எடுத்துவர ஒரு பை, இவையே போதும்.

எவ்வூர்க் கடலானாலும் அது அன்னையின் மடி. நமக்கு முன் வந்தவர்கள் தூயதாகத் தந்ததை, நமக்குப் பின் வருபவர்களுக்குத் தூயதாகவே ஒப்படைக்கும் மனத்தை எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.