விரல் வராத பாலன்

தம்பி போனது 2021 மே மாதக் கடைசியில். 24ஆம் தேதி தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கிய அந்த வாரம். மூச்சு இழுக்கிறது என்று தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர், ஆத்தூரிலிருந்து சேலம் என ஓடினோம். ஒரு நாள்தான். மறுநாள் ஜிப் வைத்த பையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பையின் மேல் மார்க்கரில் எழுதியிருந்த பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்தச் சொல்லலாமா வேண்டாமா என்று ஊர் வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவில் பங்காளி வீடுகள் மட்டும் பதினொன்று. சுடுகாட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்த டிரைவர், "அண்ணா, ஒரு கை பிடிங்க" என்றபோது நானே இரண்டடி பின்னால் போனேன். சுவேத நதியில் தண்ணீர் ஓடிய காலத்தில் அவனை முதுகில் சுமந்து அக்கரை சேர்த்தவன் நான். அன்றைக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. கணக்கு சரிதான். தூக்கம்தான் அதோடு போயிற்று.

பையைத் தூக்கியவர்கள் பக்கத்து மாதா கோயில் பையன்கள் இரண்டு பேர். முழு உடுப்புக்குள் வேர்த்து ஒழுக, நான் கொள்ளி வைக்கும்வரை நின்றார்கள். பிறகு உடுப்பைக் கழற்றிப்போட்டு, கை கழுவி, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினான் ஒருவன். வாங்கும்போது என் விரல் அவன் விரலில் பட்டது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எங்களுடையது மரச்சிற்ப வேலை. வாகைக் கட்டையை அடித்து உருவம் எடுப்பது நான். முகமும் கையும் தம்பி. முதல் ஊரடங்கின்போது, 2020 மே மாதம், பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பூட்டிய பட்டறை வாசலில் உட்கார்ந்து வாசித்தது அவன்தான். "அடுத்து நம்ம ஊருண்ணா" என்றான். அவன் போன பிறகு வந்த வேலைகளுக்கெல்லாம் கை செதுக்க வெளியாளுக்குக் கூலி கொடுத்தேன். அவனுடைய சன்ன உளிகளைச் சுற்றிவைத்த துணியை அவிழ்க்கவே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும். அந்த இரண்டடி கண்ணில் நிற்கும்.

நவம்பரில் அந்தப் பையன்கள் பட்டறைக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பாலன் இயேசு சுரூபம் சுண்ணாம்பில் வார்த்தது, பெட்டியிலேயே உடைந்துவிட்டதாம். "மரத்துல ஒண்ணு செஞ்சு தாங்கண்ணா. ஒரு சாண் இருந்தாப் போதும்." வெளியாளிடம் கொடுக்க மனம் வரவில்லை. நானே செய்தேன். உடம்பு வந்தது, முகம்கூட ஒரு மாதிரி வந்தது. விரல் வரவில்லை. விரிந்த குட்டி விரல்களில் நார் குறுக்கே ஓடும். உளி பட்டதும் தெறித்துவிடும். மூன்று கட்டை வீணாயிற்று.

டிசம்பர் நடுவில் அந்தப் பையன்களோடு கொல்லிமலை போனேன். காரவள்ளி வழி, எழுபது கொண்டை ஊசி வளைவு. திரும்பும் வழியில் வாழவந்தியில் வண்டியை நிறுத்தி இரண்டு கல்லறைகளைக் காட்டினார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். அவர்கள் வேறு சபைக்காரர்கள், இந்தப் பையன்களோ ஆர்.சி. அதைப் பற்றிப் பையன்களுக்குக் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை.

1913இல் மலையேறிய வெள்ளைக்காரத் தம்பதி. ஊர் ஊராக நரம்புச்சிலந்தி எடுத்து மருந்து போட்டும், பல வருஷம் ஒருவர்கூட அவர்கள் சபையில் சேரவில்லை. மலைப் பூசாரி ஒருவர் அதற்கு விடவில்லை. முதல் உலகப் போர் முடிகிற சமயம் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. பூசாரி படுத்தார். கிட்டே போக ஆளில்லை. போனது இவர்கள்தான். சாகுமுன் அந்தப் பூசாரி தன் பிள்ளைகள் இரண்டு பேரையும், அதில் ஒன்று கைக்குழந்தை, இவர்களிடம் ஒப்படைத்தார். கணவர் ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். ஈவ்லின் அம்மா மலைமலையாக நடந்து, 95 வயதில், 1974 டிசம்பர் 18இல் போய்ச் சேர்ந்தார். இந்த மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட்தான் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்தியவர். டாக்டருக்குப் படிக்கும் முன் தச்சு வேலை கற்றவராம். அதைக் கேட்டதும் ஏனோ எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் வண்டியில் மலை இறங்கும்போது மனசில் நின்றது அந்தப் பூசாரி. சுடுகாட்டில் நான் நின்ற இடத்தில் ஊரே நின்றபோது, விரோதி ஒருவன் வீட்டுக்குள் வந்து தொட்டிருக்கிறான்.

அன்று ராத்திரி தம்பியின் துணி மூட்டையை அவிழ்த்தேன். உளி முனையில் லேசாகத் துரு. சாணை பிடித்தேன். அபயக் கை ஆயிரம் செதுக்கிய பட்டறை இது. அதெல்லாம் கொடுக்கிற கை, விரிந்து நிற்கும். பிறந்த குழந்தை எதைக் கொடுக்கும்? பக்கத்தில் இருப்பவர் விரலைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதானே. கையை விரிக்காமல், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் குழிவிட்டு மூடினேன். நார் நின்றது. ஐந்து விரலும் வந்தன. உப்புத்தாள் போட்டுக்கொண்டே, யாரிடம் என்று தெரியாமல், "நான் தொடலை, என்னை மன்னிச்சிரு" என்று வாய்விட்டுச் சொன்னேன். தம்பியிடமா, கட்டையிடமா? மரத்தூள் மேலேயே சாய்ந்தவன், பால்காரன் மணிச் சத்தத்தில்தான் எழுந்தேன். மே மாதத்துக்குப் பிறகு மூன்று மணியைப் பார்க்காமல் விடிந்தது அன்றுதான்.

2024 பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் வாங்கினேன். அம்மா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி தூங்கறல்ல, போ" என்றாள். இன்றும் பிள்ளையார் செதுக்கித்தான் சோறு. பங்குச் சாமியாரிடம் கேட்டேன், "உங்க தொழிலை ஒழுங்காச் செய்யுங்க" என்றார். அதற்குப் பிறகும் கடன் வந்தது, பெரியவள் கல்யாணம் ஒருமுறை நின்று நடந்தது. தம்பி ஏன் போனான் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடையாது. தூக்கம் மட்டும் திரும்பப் போகவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், அந்த 2021 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குக் கடைசி வரிசையில் போய் நின்றேன். நடுவில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் என்பது எனக்குத் தெரியாது. முன்னால் நின்ற பாட்டி சடாரென்று திரும்பிக் கைகூப்பி "சமாதானம்" என்றாள். நான் விழித்தேன். "நீயும் சொல்லு சாமி" என்றாள். சொன்னேன்.

பூசை முடிந்ததும் குடிலுக்கு முன்னால் வரிசை. வழக்கமாகப் பாலனை முத்தி செய்வார்களாம். நோய் காலம் என்பதால், "தொடாமக் கும்பிட்டுட்டுப் போங்க" என்று உபதேசியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பாட்டி கும்பிட்டாள். பிறகு குனிந்து, தன் சுண்டுவிரலை அந்தக் குட்டிக் கைக்குள் நுழைத்தாள். உபதேசியார் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. நான் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.