மிஷின் நின்றால் இறங்குவது யார்?

மிஷின் வந்தால் மலக்குழியும் சாதியும் சேர்ந்து ஒழியும் என்று நம்மில் பலபேர் நம்பினோம். வந்த மிஷின் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் போகும் விடிகாலை பஸ்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காலனி ஆட்கள் அதில் நிறைய. என் சித்தப்பா மகனும் ஒருத்தன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"எல்லாம் ஆட்டோமேட்டிக்குண்ணா" என்றுதான் சேர்ந்த புதுசில் சொன்னான். தொட்டியில் கழிவு ஏறினால் மிதவை சுவிட்ச் எழும்பும், மோட்டார் ஓடும். வடிந்தால் நிற்கும். ஆனால் தொட்டிக்கு வருவது வெறும் தண்ணியா? துணி, நாப்கின், முடி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் வருகிறது. ஒருநாள் மிதவையில் சேறு அப்பிக்கொண்டு அது எழும்பவேயில்லை. மேலே பேனலில் பச்சை விளக்கு எரிகிறது. கரண்டு இருப்பதைத்தான் அது சொல்லும். கீழே கழிவு பொங்கி வழிகிறது.

மோட்டாரைக் கம்பித் தடத்தில் மாட்டிச் சங்கிலி போட்டிருந்தால் மேலேயிருந்தே தூக்கியிருக்கலாம். கழிவு படாத உயரத்தில் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்திருக்கலாம். அங்கே இருந்ததோ தொட்டியின் அடியில் போல்ட்டுப் போட்டு முறுக்கிய மோட்டார். ஆள் இறங்காமல் கழற்ற முடியாது.

நாலுபேர் நின்ற இடத்தில் சூப்பர்வைசர் இவனைப் பார்த்துத்தான் சொன்னார்: "ரெண்டே நிமிசம்டா, எறங்கி ஏறிடு." எலக்ட்ரீஷியனைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "முடியாது சார்" என்றான். அந்த மாசம் பாதிச் சம்பளம்தான் வந்தது.

இறங்கியிருந்தால்? தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சாய்ந்துவிடுவான். 2018 ஜனவரியில் பெங்களூர் சோமசுந்தரபாளையாவில் ஒரு குடியிருப்பின் எஸ்.டி.பி. தொட்டியில் மூன்று தொழிலாளிகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருசச் சட்டம் தடுக்கிறது. கருவியும் உறையும் கொடுத்து இறக்கலாம் என்று அதே சட்டம் சந்தும் விட்டிருக்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்சநீதிமன்றம், 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. உயிரின் விலை ஏறியிருக்கிறது. தொட்டியின் வரைபடம் மாறவில்லை.

மிஷினுக்குச் சாதி தெரியாதாம். வரைபடம் போட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது. பழுதானால் இறங்கக் காலனியில் ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அந்த போல்ட்டை முறுக்கியிருக்கிறான்.

ஓசூரிலும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தோழர்களே, நட்டஈடு கேட்பதோடு நிற்காமல் கட்டிட அனுமதி தருகிற மேசைக்கே போவோம். இந்த மிஷின் நின்றால், ஆள் இறங்காமல் எப்படிக் கழற்றுவாய்? பதில் வரைபடத்தில் இல்லையென்றால் அனுமதி கிடையாது என்று கேட்போம்.