மேன்ஷன் வாசலில் ஒரு தேன் பாட்டில்

திருவல்லிக்கேணி மேன்ஷன் என்றால் என்ன என்பதைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெற்றோருக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். வீடும் இல்லை, லாட்ஜும் இல்லை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் ஓர் அலமாரி. குளிக்க வராந்தாவின் கோடிக்குப் போக வேண்டும். வாடகை மாசக்கணக்கு.

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்க வந்த இளைஞருக்கு அங்கே முதல் வாரம் தூக்கமே வரவில்லை. மலையில் எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். இங்கே அடுத்த அறையில் வாளி நகர்ந்தால்கூடக் கேட்கிறது. இரண்டாவது வாரம் காய்ச்சல். மூடிய கதவைத் தட்டியவர் எதிர் ரூம்காரர். அச்சகத்தில் வேலை பார்க்கும், ஐம்பதைத் தாண்டிய மனிதர். “என்ன தம்பி, ரெண்டு நாளா பாத்ரூம் க்யூவுல ஆளைக் காணோம்?” மெஸ்ஸிலிருந்து ரசம் சாதம் வந்தது, மாத்திரையும் வந்தது.

பொதுக் குளியலறையில் இப்படி ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது!

இந்தப் பேட்டைக்கு இது பழைய பழக்கம். ஒரே முற்றம், ஒரே குழாய், நாலைந்து குடும்பம் என்று ஒண்டுக்குடித்தனம் நடத்திய தெருக்கள் இவை. 1968-இல் வந்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் நாகேஷ் மாடிப்படிக்கடியில் குடியிருப்பாரே, அந்த மாதிரி வீடுகள். பாரதியார் கடைசி நாட்களில் வாழ்ந்து 1921-இல் மறைந்த வீடும், கணிதமேதை ராமானுஜன் குடியிருந்த அனுமந்தராயன் கோயில் தெருவும் இங்கேதான்.

இதையெல்லாம் நினைத்து யாரும் ரூம் எடுப்பதில்லை. வாடகை கட்டுப்படியாகிறது, அவ்வளவுதான். மூட்டைப்பூச்சியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இருக்கும்போது ‘பழமையின் அழகு’ என்று பேசினால் குடியிருப்பவருக்குக் கோபம் வரும். ஆனால், சாயங்காலம் மெரினாவிலிருந்து மொட்டைமாடிக்கு வரும் காற்றுக்கு வாடகை கிடையாது. காயும் லுங்கிகளுக்கு நடுவே பாதிப் பேர் அங்கேதான் படிப்பார்கள்.

பழைய மாலை மடிப்புக் கம்பிக் கதவும் தேய்ந்த படியுமாக நிற்கும் இந்தக் கட்டடங்களில் சிலவற்றை இப்போது இடித்துக் கட்டுகிறார்கள். நண்பர்களும் அவரை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கூப்பிட்டார்கள். அங்கே ரூமுக்குள்ளேயே பாத்ரூம். அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், சாமை அரிசியும் மலைத்தேனும் எடுத்துக்கொண்டு அம்மா வந்தார்.

பெண்கள் மாடிக்குப் போகக் கூடாது என்பது மேன்ஷன் சட்டம். மகன் படுக்கும் கட்டிலைப் பார்க்காமல், வாசலில் மேனேஜர் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தார். மகனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“காய்ச்சல்ல பாத்துக்கிட்டாரே அந்த எதுத்த ரூமுக்காரரு, அவரக் கூப்புடுப்பா” என்றார் அம்மா.

இரண்டு தேன் பாட்டில் இருந்தது. “உங்களுக்குத்தாண்ணே” என்று பெரியதை அவர் கையில் கொடுத்தார்.