கப்பலும் கிணறும்

தன் நிலத்தில் தான் விரும்பியதைச் செய்யும் உரிமை மனிதனுக்கு உண்டு. அவ்வுரிமையை மதியாத சமுதாயத்தில் எவரும் நிம்மதியாக உறங்க இயலாது. ஆயினும், நிலத்திற்கு எல்லைக்கல் நடலாம். அதன் அடியில் உள்ள நீருக்கு எங்ஙனம் நடுவது? தனிமனித உரிமை, பொதுநலம் என்னும் இரண்டைப் பற்றி எண்ணும் போதெல்லாம், மேடைகளில் கேட்ட சொற்பொழிவுகளைவிட எம் தெருவின் கிணறுகளே நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன.

எம் ஊர் கடலோரத்தது, மணற்பாங்கான பூமி. அங்கே மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மீது மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கணக்கு. மேலே 1 அடி தாழ்ந்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவிடும். வாளியும் கயிறும் இராட்டினமுமாய் இருந்த நாளில் ஒருவர் எவ்வளவுதான் இறைத்துவிட முடியும்? கைவலியே வேலியாக நின்றது. ஆழ்துளையும் மோட்டாரும் வந்தபின் அவ்வேலி அகன்றது. ஒரு வீட்டார் ஆழ்துளை இட்டனர், அடுத்த வீட்டுக் கிணறு கரித்தது, அவர்களும் துளையிட்டனர். சில கோடைகளுக்குள் தெரு முழுவதும் கரித்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவின்றி நீர் இறைத்ததன் பயனாய்க் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்ததும் இவ்வாறே.

இதில் எவரும் பிறர் மதிலைத் தாண்டவில்லை. சட்டத்தை மீறவும் இல்லை. வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை என்பதை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது.

ஆனால், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்தையும் சிலர் கீழ்த்தளத்தையும் பெற்றனர். கீழே இருந்தோர் நீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே சென்றுவர வேண்டியிருந்தது. மேலே உள்ளோருக்குத் தொல்லை தராமல் நம் பங்கிலேயே ஒரு துளை இட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினர். அவர்களை அப்படியே விட்டால் அனைவரும் மூழ்குவர். கைகளைப் பற்றித் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். புகாரி தொகுப்பில் இடம்பெற்றுள்ள இந்த உவமையின் கருத்து இதுவே.

துளையிட எண்ணியவர்கள் தீயோர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்டது தண்ணீர். கருதியதோ பிறருக்குத் தொல்லை தராமை. அப்படியாயின், தடுக்கும் கைக்கு உரிமை எவ்வளவு?

இதற்கு ஹஸரத் உமர் (ரலி) அவர்கள் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு வழிகாட்டுகின்றன. ளஹ்ஹாக் இப்னு கலீஃபா அவர்கள் தம் வாய்க்காலை முஹம்மது இப்னு மஸ்லமா அவர்களின் நிலத்தின் வழியே கொண்டுசெல்ல விரும்பினார்கள், நிலத்துக்குரியவர் இசையவில்லை. அந்நீரால் அவருக்கும் பயனுண்டு, இழப்போ ஏதுமில்லை என்பதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், வாய்க்கால் சென்றே தீர வேண்டும் எனக் கட்டளையிட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதனைப் பதிவு செய்துள்ளது. மற்றொன்று, மதீனப் பள்ளிவாசலை விரிவுபடுத்தியபோது நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறுவது. அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் வீட்டைத் தர மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. உமர் (ரலி) அவர்கள் பணிந்தார்கள். அதன் பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாகவே வீட்டைப் பொதுமக்களுக்கு ஈந்தார்கள்.

ஒரே கலீஃபாவின் காலத்தில் இருவேறு முடிவுகள்! முரண்பாடு போல் தோன்றினும், இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றே என்பது நம் கருத்து. எதையும் இழக்காத ஒருவர் பிறர் நன்மையைத் தடுப்பாராயின், அதற்கு உரிமை என்ற பெயர் பொருந்தாது. தம் வீட்டையே இழப்பவரிடமோ பொதுநலம் வேண்டிக்கொள்ளலாமே அன்றிப் பறித்துக்கொள்ளலாகாது.

2003இல் தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது முதல் வகையைச் சார்ந்தது. கூரையில் விழும் நீரைத் தம் மண்ணிலேயே இறக்குவதால் வீட்டுக்காரர் எதையும் இழப்பதில்லை. அதே ஆண்டில் நிறைவேறிய நிலத்தடி நீர்ச் சட்டமோ 2013இல் நீக்கப்பட்டது. ஒற்றைக் கிணற்றை நம்பி வாழும் ஏழை உழவரின் நீரை நிறுத்துவதும், விற்பனைக்காக இரவு பகலாய் லாரிகளில் ஏற்றுபவரின் நீரை நிறுத்துவதும் ஒன்றாகா. முன்னவர் விஷயத்தில் மாற்றுவழி காட்டாமல் தடை விதிப்பது அநீதியே ஆகும்.

கப்பலின் மேல்தளத்தாருக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. கீழிருந்து வருவோருக்கு முகம் சுளிக்காமல் நீர் தந்தால், துளையிடும் எண்ணமே எழாதன்றோ? மதீனாவில் ரூமா கிணற்றை உதுமான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். நம் மஹல்லா ஜமாஅத்துகளில் பந்தலுக்கும் விருந்துக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியையேனும் தூர்ந்த குளத்தைத் தூர்வாரவும், பொதுக்கிணற்றைப் பேணவும் ஒதுக்கலாம். குழாயில் நல்ல நீர் வரும் தெருவில், துளையிடாதீர் என்று சொல்லும் தகுதி நமக்குத் தானே வந்துசேரும். பிறர் கையைப் பற்றித் தடுக்குமுன், அக்கையில் ஒரு குவளை நீரைக் கொடுப்போமாக.