சிறகு சொன்ன நீதி

வானொலி அலைகளால் இயங்கும் மாதிரிக் கிளைடர் ஒன்றை என் மகன் செய்தான். வலப்புறம் திருப்பினால் அதன் மூக்கு முதலில் இடப்புறம் விலகிற்று; இருமுறை வீழ்ந்து உடைந்தது. இடச்சிறகின் மடல் கீழிறங்க அச்சிறகு உயர்கிறது. ஆயினும் காற்றுத்தடை அங்கே மிகுந்து அதனைப் பின்னிழுக்கிறது. சிறகை முறுக்கித் திருப்பிய ரைட் சகோதரர் இவ்விடரைக் கண்டு, 1902இல் அசையாத பின்சுக்கானை அசையுமாறு மாற்றினர். மகனோ சிறகையே திருத்தினான். இரு மடல்களுக்கும் பொதுவாயிருந்த சிறு மோட்டாரை நீக்கித் தனித்தனி மோட்டார் பொருத்தினான்; மேலெழும் மடலுக்கு இருபங்கு அசைவும், கீழிறங்குவதற்கு ஒருபங்கும் அளித்தான். கிளைடர் தடுமாறாது திரும்பிற்று.

மெல்லக் கற்கும் மாணவனருகே சற்றுக் கூடுதலாக நின்றால், பாரபட்சம் என்பர் சிலர். காற்று அவ்வாறு சொல்லவில்லை.