அட்லாண்டாவுக்காகக் காத்திருந்தோம்

ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்குக் காத்திருத்தல் புதிய அனுபவமன்று. பிரயாணி வண்டிக்குக் காத்திருக்கிறான். வண்டி சிக்னலுக்குக் காத்திருக்கிறது. பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாகிய நாமோ, உடையவர் வந்து கையொப்பமிட்டு மூட்டையை எடுத்துச் செல்லும் நாளுக்குக் காத்திருக்கிறோம். ஆயினும் 2016-ஆம் ஆண்டில் எட்டு மாத காலம் நாம் எதற்காகக் காத்திருந்தோம் என்று சொன்னால், நம் சங்கத்து அன்பர்கள் புன்னகை செய்யக்கூடும். பதவி உயர்வுக்கன்று, ஊர் மாற்றத்துக்குமன்று. அமெரிக்காவில் தொடங்கவிருந்த ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்காகக் காத்திருந்தோம். அதன் பெயர் 'அட்லாண்டா'. கறுப்பின மக்களின் அன்றாட வாழ்வையும், அவர்களுடைய ராப் பாட்டுலகையும் கதைப்பொருளாகக் கொண்டது.

மெட்ரிக்கோடு படிப்பை நிறுத்திய ஒரு குமாஸ்தாவுக்கும், கடல் கடந்த ஊரின் ராப் பாட்டுக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அப்போது நம் தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போதும் அவன் காதில் ராப் ஒலித்துக்கொண்டே இருக்கும். "இது என்னடா பாட்டு? ராகமுமில்லை, தாளமும் புரியவில்லை" என்று கேட்டோம். "அண்ணே, இது பாட்டுன்னு நினைக்காதீங்க, பேச்சுன்னு நினைச்சுக் கேளுங்க" என்றான். பிறகு வரலாற்றையும் சொன்னான். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் அங்கே இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் முழங்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுக்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, அந்தச் சிறு பகுதியை நீட்டிக்கொண்டே போகும் முறையை வளர்த்தார். அந்தத் தாளத்தின்மேல் எதுகை மோனையோடு பேசத் தொடங்கியதே ராப்.

அருகில் உட்கார்ந்திருந்த நம் தந்தையார் இதைக் கேட்டுவிட்டு, "காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சின்னு லாவணி பாடுவாங்களே, அந்த மாதிரியா?" என்றார். தம்பி வியந்துபோய், "கிட்டத்தட்ட அதேதாம்ப்பா" என்றான். அன்று முதல் நம் வீட்டில் ராப்புக்கு இடம் கிடைத்தது.

நிற்க. அட்லாண்டா என்ற பெயர் நம்மைப் பற்றிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ரயில் பெற்ற ஊர். 1837-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்துக் காட்டுக்குள் ஓர் இருப்புப்பாதை வந்து முடியும் இடமாகக் குறியிட்டார்கள். ஆகவே ஊரின் முதற்பெயரே 'டெர்மினஸ்', அதாவது கடைசி ஸ்டேஷன். பிறகு மார்த்தாஸ்வில் என்றானது. 1845-இல், வெஸ்டர்ன் அண்டு அட்லாண்டிக் ரயில்வேயின் பெயரையொட்டி அட்லாண்டா என்றானது. ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த நமக்கு, அவ்வூர் தூரத்து உறவுபோல் தோன்றியதில் வியப்பில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1929-இல் பிறந்ததும் அவ்வூரில்தான்.

அந்தத் தெற்கத்தி ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்டு வடக்கே உள்ளவர்கள் நெடுங்காலம் நகைத்தார்கள். ராப் உலகிலும் அப்படியே. 1995-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருது விழாவில், அட்லாண்டாவைச் சேர்ந்த 'அவுட்காஸ்ட்' குழுவின் இரு இளைஞர்கள் சிறந்த புதுக் குழுவுக்கான பரிசை வாங்க மேடையேறினார்கள், கூட்டம் கூச்சலிட்டது. அவர்களுள் ஒருவரான ஆந்த்ரே, தெற்குக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்ற கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். பின்னாளில் ராப் உலகின் தலைநகரங்களில் ஒன்றாக அட்லாண்டாவே ஆனது. 'மதராஸி' என்று பிறர் விளிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தக் கூச்சலும் விளங்கிற்று. அந்தப் பதிலும் விளங்கிற்று.

புதிய தொடரை உருவாக்கியவர் டோனல்டு குளோவர். 1983-இல் பிறந்தவர். அட்லாண்டாவை அடுத்த ஸ்டோன் மவுண்டன் என்னும் ஊரில் வளர்ந்தவர். தகப்பனார் தபால் இலாகா ஊழியர். இவர் எழுத்தாளர், நடிகர், 'சைல்டிஷ் கேம்பினோ' என்ற பெயரில் ராப் பாடுபவர். எஃப்.எக்ஸ். என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 2015 அக்டோபரில் பத்துப் பகுதிகளுக்கு ஒப்புதல் தந்தது. 2016 ஜனவரி மாதத்தில் குளோவர் பத்திரிகையாளர்களிடம் தொடரைப் பற்றிப் பேசிய செய்தியைத் தம்பி படித்துக் காட்டினான். எழுதுகிறவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அவர்களுள் பலர் தொலைக்காட்சிக்கு அதற்கு முன் எழுதியிராதவர். படப்பிடிப்பும் அட்லாண்டாவிலேயே. இச்செய்திதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஏனெனில், அதற்கு முந்திய ஒரு கதையையும் தம்பி சொல்லியிருந்தான். 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலியில் 'ஏமோஸ் அண்டு ஆண்டி' என்றொரு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. பாத்திரங்கள் கறுப்பினத்தவர், குரல் கொடுத்தவர்களோ வெள்ளையர் இருவர். நாடே சிரித்தது. 1951-இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களையே நடிக்கச் செய்தார்கள். முகம் அவர்களுடையது, வார்ப்பு பழையது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அவ்வாண்டிலேயே கண்டனம் தெரிவித்தது. 1953-இல் புதிய பகுதிகள் நின்றன. மறுஒளிபரப்பு 1966 வரை ஓடிற்று. அந்த நடிகர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கிடைத்த வேஷம் அதுவாக இருந்தது.

இதைக் கேட்டபோது நமக்கு நம் தந்தையாரின் ஞாபகம் வந்தது.

1999-ஆம் ஆண்டு, நமக்கு ஒன்பது வயது. குடியிருப்பில் கணபதி விழா. இந்தியில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். அதில் ஒரு 'மதராஸி' பாத்திரம். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, வாய் திறந்தால் 'அய்யய்யோ' என்று அலறி, இந்தியைக் கொலை செய்ய வேண்டும். 1968-இல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் கட்டிய பாட்டு வாத்தியார் வேஷத்தின் நகல் என்றே சொல்லலாம். அந்தப் படத்துக்கு நாமும் சிரித்தவர்கள்தாம், மறைப்பானேன்? அந்த வேஷத்துக்கு நம் தந்தையாரை அழைத்தார்கள்.

அரக்கோணத்துக்கு அருகில் தம் சொந்தக் கிராமத்தில், இளமையில் கூத்தில் கர்ணன் வேஷம் கட்டி, விடியும் வரை ஊரையே அழ வைத்தவர் அவர். இங்கே லோகோ ஷெட்டில் பிட்டர். இந்தி அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் எழுதித் தந்த வசனத்தில் இந்தி நன்றாக வரக்கூடாது என்றிருந்தது. எழுதித் தந்தபடியே நடித்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாமும் முதலில் சிரித்தோம். பிறகு பக்கத்திலிருந்த பையன்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தந்தையார் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினார். "எப்படி இருந்திச்சு?" என்று தாயார் கேட்டார். "நல்லாச் சிரிச்சாங்க" என்றார். அவ்வளவே. அதற்குப் பிறகு அவர் எந்த மேடையும் ஏறவில்லை.

ஆகவேதான் அந்த எட்டு மாதங்கள் நமக்கு நீண்டன. ஆவலோடு அச்சமும் இருந்தது. சொந்தக்காரர்கள் எழுதினாலும், பார்ப்பவர் பலர் பிறராயிற்றே. பிறருக்குப் பிடித்த பழைய வேஷத்தையே இவர்களும் கட்டிவிடுவார்களோ? 2016 செப்டம்பர் 6-ஆம் தேதி முதல் இரண்டு பகுதிகள் ஒளிபரப்பாயின. அதற்கு முந்திய நாள்தான் நம் நாட்டில் ஜியோ தொலைபேசிச் சேவை தொடங்கியது. கடை வாசலில் சிம் கார்டுக்கு ஊரே வரிசையில் நின்றது. தம்பியும் நின்றான். தொடரைப் பற்றி வந்த நற்செய்திகளை அந்தப் புதுச் சிம் வழியேதான் படித்தோம். தொடரை முழுவதும் பார்த்தது மறு வருஷம், தம்பியின் மடிக்கணினியில்.

கதை எளியது. எர்ன் என்னும் இளைஞன், பெரிய பல்கலைக்கழகமான பிரின்ஸ்டனில் படிப்பை விட்டு வந்தவன், கையில் காசில்லை, ஒரு பெண் குழந்தை உண்டு. விமான நிலையத்தில் வருவோர் போவோரிடம் கடன் அட்டைக்கு ஆள் பிடிக்கும் வேலை. அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் ஆல்பிரட் 'பேப்பர் பாய்' என்ற பெயரில் ராப் பாடிப் பெயரெடுக்கத் தொடங்குகிறான். அவனுக்கு மானேஜராகிப் பிழைக்கலாமென்று எர்ன் போய் நிற்கிறான். துப்பாக்கியும் புகையும் வசைச் சொல்லும் வருவதால், சிறு பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று.

முதற்பகுதியில் ஒரு காட்சி. எர்ன் தன் பெற்றோர் வீட்டுக்கு வருகிறான். அவர்கள் வெறுக்கவில்லை; நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் உள்ளே மட்டும் விடமாட்டார்கள். விட்டால் செலவு! ஆங்கிலம் அறியாத நம் தந்தையார் அந்த வாசற்படியைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம ராயபுரத்துச் சித்தப்பா வீடு மாதிரியே இருக்கே!" என்றார். அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை.

இன்னொரு காட்சி நம்மைத் தூங்கவிடவில்லை. எர்னுக்கு அறிமுகமான வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறான். நடுவே கறுப்பினத்தாரை இழிவு செய்யும் சொல்லைக் கூசாமல் சொல்கிறான். எர்ன் விழுங்கிக்கொள்கிறான். பிறகு ஆல்பிரட் முன்னிலையில் அதே கதையை மறுபடி சொல்லும்படி எர்ன் கேட்கிறான். இம்முறை அந்தச் சொல் மட்டும் காணாமற்போகிறது! மெலிந்தவனிடம் வரும் சொல் வலியவனிடம் வருவதில்லை. நாம் வேலை பார்த்த ஓரிடத்தில் 'மதராஸி' வேடிக்கை சொல்லும் அன்பர் ஒருவர் இருந்தார். தமிழரான ஓர் அதிகாரி அறைக்குள் வந்தால் அவருக்கு அந்த வேடிக்கைகள் யாவும் மறந்துவிடும். இக்காட்சியை வெளியார் எழுதியிருக்க முடியாது. விழுங்கியவனுக்கே அதன் ருசி தெரியும்.

தொடருக்கு வந்த மரியாதைகளை நேயர்கள் அறிந்திருக்கலாம். 2017-இல் எம்மி விருதுகளில், நகைச்சுவைத் தொடருக்கான சிறந்த இயக்குநர் பரிசு குளோவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. சிறந்த நடிகர் பரிசும் உடன் வந்தது. 2022 நவம்பரில், நான்கு பருவங்களும் 41 பகுதிகளுமாகத் தொடர் முடிந்தது. இதற்கிடையே, நம் மும்பையின் தாராவித் தமிழ்ப் பிள்ளைகளும் ராப்பில் தம் தெருவைப் பேசத் தொடங்கினார்கள். 'டோப்அடெலிக்ஸ்' குழுவின் குரல் 2018-இல் 'காலா' படத்திலும் ஒலித்தது. காத்திருந்தது வீண்போகவில்லை.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. நம் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தான். ஆண்டு விழாவில் மாநிலத்துக்கொரு பிள்ளையாக நாடகமாம். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டே வரி: 'அய்யய்யோ' என்று கத்தியபடி ஓடிவர வேண்டும், இட்லி கேட்டு அழ வேண்டும். தந்த ஆசிரியைக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை என்பதை நாம் அறிவோம். அவர் கேட்டு வளர்ந்த வேடிக்கை அது. வேஷம் வேண்டாமென்று எழுதி அனுப்பலாமென்று நாம் பேனாவை எடுத்தோம்.

தந்தையார் தாளை வாங்கிப் பார்த்தார். "வேண்டாம்னு எழுதாதே. ஒரு பென்சில் குடு" என்றார். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் இருவரும் எழுதினார்கள். இப்போது கதை இப்படி: பஞ்சாபிப் பிள்ளை சொல்வது வங்காளிப் பிள்ளைக்குப் புரியவில்லை, வங்காளி சொல்வது மராத்திப் பிள்ளைக்குப் புரியவில்லை. எல்லோருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவன் தமிழ்ப் பையன். இங்கே பிறந்தவனாயிற்றே, அவனுக்கு எல்லாம் வரும். ஆளுக்கொரு பக்கம் அவனை இழுக்கிறார்கள். கடைசியில் களைத்துப்போய்த் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து, "அய்யய்யோ!" என்கிறான். திரை விழுகிறது.

அந்த ஒரு சொல்லை எப்படிச் சொல்ல வேண்டுமென்று தந்தையார் பேரனுக்கு நடித்துக் காட்டினார். இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் அவர் நடித்து நாம் பார்த்தோம். வீடே சிரித்தது, அவரும் சிரித்தார்.

தாளை ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறோம். ஏற்றுக்கொள்வாரா என்பது இன்னும் தெரியவில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறோம். ஏற்காவிட்டாலும் பாதகமில்லை, நம் சங்கத்தில் பொங்கல் விழா மேடை இருக்கிறது. அதில் ஆண்டுதோறும் பாட்டும் கோலமும் நடக்கின்றன; நாம் இவ்வூரில் வாழும் வாழ்வைச் சொல்லும் ஒரு சிரிப்பு நாடகம் மட்டும் இதுவரை நடந்ததில்லை. எழுதக்கூடிய அன்பர்கள் முன்வர வேண்டும். வேஷம் கட்ட ஒருவர் தயாராக இருக்கிறார். அவருக்கு வயது எழுபது.