அப்பாவின் ரெஸ்ற் லாம்ப்

போன வருஷம் மே மாதம் நான் ஒரு பழைய கேம்பர் வான் வாங்கினேன். 1987ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வெஸ்ட்பாலியா. பின்னால் விரிக்கிற கட்டில், சின்ன அடுப்பு, மேலே தூக்கிவிடுகிற கூரை எல்லாம் இருக்கு. என்னைவிட ஒரு வயது மூத்தது. மனைவியையும் மகளையும் காஸ்பே வரை கூட்டிக்கொண்டு போய் பெர்சே பாறையைக் காட்டுவதுதான் திட்டம். அப்பாவிடம் விலையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒண்டும் பேசவில்லை. பிறகு, "படிச்ச பிள்ளை எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான்" என்றார்.

வான் ஓடியது. பிரச்சினை கரண்டில்தான். இரவில் ஹெட்லைற் போட்டால் பெற்றோல் முள் தானாக ஏறும். பிரேக் மிதித்தால் சிக்னல் நின்றுவிடும். இடது பக்க லைற் எப்போதும் மங்கல். நாலைந்து நாள் ஓடாமல் விட்டால் பற்றரி செத்துவிடும். வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்லி என்ன? மொன்றியலில் குளிர்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பை இத்தனை வருஷம் தின்ற இரும்பு அது.

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். பிழை பிடிப்பது என் தொழில் என்ற தைரியம் இருந்தது. ஒரு மல்ரிமீற்றர் வாங்கினேன். வயரிங் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். ஜெர்மன் வண்டிகளில் மண்ணிற வயர் எர்த். சிவப்பில் எந்நேரமும் கரண்ட். கறுப்பில் சாவி திருப்பினால் மட்டும். முனைகளுக்கும் நம்பர் உண்டு: 30, 15, 31. ஒழுங்கான மனிதர்கள் எழுதிய கோட் மாதிரி இருந்தது.

பற்றரி இறங்குகிறதை நானே பிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீற்றரைக் கோர்த்தேன். 0.4 அம்பியர். 0.05க்குள் இருந்தால் பரவாயில்லை. 0.4 என்றால் ஒரு நாளைக்கு 9.6 அம்பியர் மணி. 60 அம்பியர் மணி பற்றரி ஆறு நாளில் முழுசாகக் காலி, அதற்கு முதலே ஸ்டார்ட் வராது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர, ஒன்றில் மீற்றர் 0.02க்கு விழுந்தது. முந்திய சொந்தக்காரர் யாரோ பாட்டுக் கேட்க இழுத்துவிட்ட வயர். வெட்டி எறிந்தேன்.

ஆனால் அந்த மங்கல் லைற் என்னை மூன்று சனிக்கிழமை தோற்கடித்தது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீற்றரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். புது பல்பைப் போட்டால் திரும்பவும் மங்கல். மீற்றர் சரி, பல்ப் சரி, வெளிச்சம் மட்டும் இல்லை.

நாலாவது சனிக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா போய் இரண்டு வருஷம். அவர் அங்கே தனியாகத்தான் இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கோ என்றால், "எனக்கு இங்க பழகிட்டுது" என்பார். நான் தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் எடுப்பேன். "சுகமோ அப்பா?" "ஓம், சுகம்." "சாப்பிட்டாச்சோ?" "ஓம், சாப்பிட்டாச்சு." ஒரு நிமிஷம்கூட ஆகாது.

எனக்குத் தெரிந்த அப்பா இருபது வருஷம் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் நின்றவர். ஊரில் கராஜில் வேலை செய்தவர் என்று தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

அவர் மீற்றரைப் பார்க்கவே இல்லை. "பழைய பல்ப் ஒண்டு தா. ரெண்டு முழம் வயரும் தா" என்றார். பல்பில் இரண்டு வயரைச் சுற்றினார். ஒன்றைப் பற்றரி பொசிட்டிவில் பிடித்து, மற்றதைப் பற்றரி நெகட்டிவில் தொட்டார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. பிறகு அதே வயரை லைற்றின் மண்ணிற எர்த் வயரில் தொட்டார். பல்ப் சோர்ந்துபோய்ச் சிவந்தது.

"எர்த் பிழை தம்பி."

"மீற்றர் 12.4 காட்டினதே அப்பா?"

"உன்ர மீற்றர் பொய் சொல்லேல்லை. ஒரு வேலையும் குடுக்காமல் கேட்டால் எந்த வயரும் நல்ல வயர்தான். சுமையைக் குடுத்துப் பார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீற்றர் கரண்டே இழுக்காது, பல்ப் இழுக்கும். லைற்றை எரியவிட்டு, எர்த் வயருக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையில் மீற்றரை வைத்தேன். 2.3 வோல்ட். கிட்டத்தட்ட பூச்சியம் இருக்கவேண்டிய இடம். அந்த பல்ப் இழுக்கிற நாலு அம்பியர் சொச்சத்துக்கு, வழியில் அரை ஓம் தடை. திரும்பிப் போக வழி சரியில்லாத கரண்ட்தான் மற்ற விளக்குக்குள்ளாலும் முள்ளுக்குள்ளாலும் புகுந்து விளையாடியிருக்கிறது.

பற்றரி நெகட்டிவை முதலில் கழற்றச் சொன்னார். எர்த் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பச்சையும் துருவுமாக இருந்தது. மினுங்கும்வரை அரத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வசலின் பூசினோம். லைற் வெள்ளையாக எரிந்தது. முள் அசையவில்லை.

தேய்க்கும்போது அவர் தானாகக் கதைக்கத் தொடங்கினார். 1990இல் திரும்பச் சண்டை தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை, பெற்றோலும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் கார்கள். "எங்களிட்டை மீற்றர் இருந்தது. அதுக்குப் போட பற்றரிதான் இல்லை" என்று சிரித்தார். எனக்கு அப்போது இரண்டு, மூன்று வயது. அந்தக் கதையை அவர் வாயால் கேட்க எனக்கு முப்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

எழும்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டார். வலது காலை ஊன்றவில்லை.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. மாசியில ஐஸில சறுக்கிப்போட்டுது."

மாசி. அது முடிந்து நாலு மாதம். நூற்றுக்கு மேல் போன் எடுத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் "ஓம், சுகம்." நானும் ஒரு வேலையும் கொடுக்காமல்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அடுத்த கிழமை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் ஜவ்வு. இப்போது பயிற்சிக்குப் போகிறார். இன்னும் தனியாகத்தான் இருக்கிறார், அதில் பிடிவாதம் மாறவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை நான் போக முதலே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். எட்டு மணிப் போனில் இப்போது "சுகமோ" என்று கேட்பதில்லை. "அந்தப் பின்பக்க லைற்றுக்கு எந்த வயர் அப்பா?" என்று கேட்பேன். அரை மணித்தியாலம் போகும். நடுவில் கால் நோகிறதும் வரும், அன்றைக்குச் சமைக்காததும் வரும்.

காஸ்பேக்கு வருகிற ஆடியில் போகிறோம். அப்பாவும் வருகிறார். வானுக்குள் இருக்கிற குளிர்பெட்டி இன்னும் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை வரை அதில் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை.